முதல் பாடம் 'மாட்டேன்'

என் வகுப்பில் முதல் வாரம் 'வணக்கம்' கிடையாது, 'நன்றி' கிடையாது. முதல் வாரம் நான் சொல்லிக்கொடுப்பது 'நான் மாட்டேன்'. நான் சொல்லிக்கொடுக்கும் அந்நிய மொழியில் அது இரண்டே சொல். ஆறு வயதுப் பிள்ளையின் நாக்கில் போய் உட்கார்ந்துகொள்ள அதற்கு ஒரு காலைப்பொழுது போதும். இதைக் கேள்விப்பட்டுப் பல்லைக் கடித்தவர்கள் நிறையப் பேர். கடிக்கட்டும். அவர்கள் பல், அவர்கள் பாடு.

படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது என் அறை. முன்பு பந்துகளும் வலைகளும் போட்டு வைத்த இடம். பெஞ்சுகளையெல்லாம் சுவரோடு தள்ளிவிட்டேன். நடுவில் வெறும் தரை. மூலையில் ஒரு வாளி, கம்பி ஒடிந்த குடை, ஒற்றைச் செருப்பு, ஒரு கைமணி, ஒரு பழைய போர்வை. என் பாடப்புத்தகம் அவ்வளவுதான். 'வாளியை எடு. தலையில் வை. ஜன்னல்வரை நட. செருப்பை வாளிக்குள் போடு.' அந்த மொழியில் சொல்வதை இங்கே நம் மொழியில் எழுதுகிறேன். வகுப்பில் நம் மொழி வாசலோடு நின்றுவிடும். முதலில் நான் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவேன். பிறகு நான் சொல்ல அவர்கள் செய்வார்கள். 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேட்டதும் இல்லை, கரும்பலகையில் எழுதிப் போட்டதும் இல்லை. தலையில் வாளி கவிழ்ந்திருக்கும் பிள்ளைக்கு வாளி என்றால் என்ன என்று தனியாக வேறு விளக்க வேண்டுமா?

விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு. நான் எதைச் சொன்னாலும் 'நான் மாட்டேன்' என்று மறுக்கலாம். நான் கோபிக்கக் கூடாது. ஆனால் மறுத்தவர் உடனே எனக்கு ஒரு கட்டளை இட வேண்டும், அதை நான் செய்தே தீர வேண்டும். என்னைக் குதிக்க வைப்பதற்காகவே 'குதி'யைக் கற்றுக்கொண்டார்கள். ஒற்றைக் காலில் நிற்க வைத்து எண்ணுவதற்காகவே எண்களைக் கற்றுக்கொண்டார்கள். பெரியவர் ஒருவரைப் படுத்தி எடுக்கலாம் என்று தெரிந்தால் பிள்ளைகள் எந்த மொழியையும் கற்றுக்கொள்வார்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கும் என் முழங்காலுக்குத்தான் கஷ்டம்.

யாராவது பிசகாகச் சொன்னால் 'தப்பு' என்று சொல்ல மாட்டேன். அதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்வேன். வாய் திறக்காத பிள்ளையை வற்புறுத்துவதும் கிடையாது. மறுக்க வேண்டுமென்றால் உள்ளங்கையைக் காட்டலாம், கட்டளை இட வேண்டுமென்றால் பொருளைச் சுட்டிக் காட்டலாம். கைக்குழந்தை ஒரு வருஷம் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறது. தொட்டில் பக்கத்தில் நின்று 'எங்கே, ஒரு முழு வாக்கியம் சொல்லு பார்க்கலாம்' என்று எந்தத் தாயும் பரீட்சை வைப்பதில்லை.

மறுப்பு ஏன் முதலில் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரரின் வேலைக்காக, அந்த மொழி பேசும் நாட்டில் சில வருஷம் இருந்தோம். போவதற்கு முன்பே நான் அந்த மொழியில் பரீட்சை எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். நன்றி சொல்ல ஏழெட்டு விதம் தெரியும். ஒரு நாள் பஸ்ஸில் ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். என் வாயில் வந்தது 'மன்னிக்கவும்'. பிடித்தவன் அவன், மன்னிப்புக் கேட்டவள் நான். அடுத்த நிறுத்தம்வரை அவன் விடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அதற்கப்புறம் அந்த மொழியை எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தது எங்கள் மாடிப்படியில் விளையாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். நகரு, பிடி, தொடாதே, எனக்கு வேண்டாம் என்று அதுகள் என்னை விரட்டிய விரட்டலில்தான் எனக்கு நாக்கு முளைத்தது.

இனி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. வீட்டில் நான் அவரை 'அக்கா' என்பேன், அவர் என்னை 'நீ' என்பார். பள்ளிக்கூடத்தில் நான் 'மேடம்' என்பேன், அவர் 'நீங்க' என்பார். இந்த ஏற்பாடு அவர் போட்டது. பள்ளிக்கூடக் கேட்டுக்குள் 'நீ' வந்துவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று நான் புரிந்துகொள்வேன். அவருக்கு அந்த மொழி தெரியாது. அதில் ஒரு தப்பும் இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது, அதில்தான் எனக்குத் தகராறு.

முதல் இடி ஒரு அப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு 'மைக்' என்று பெயர். அவன் ரகசியம் பேசினால் மாடியில் கேட்கும். அவனுடைய அப்பா வீட்டுக்கு யார் வந்தாலும் மகனை நடுக்கூடத்தில் நிறுத்தி, அந்த மொழியில் ஏதாவது பேசச் சொல்வாராம். பையனும் தனக்குப் பிடித்ததைக் கணீரென்று சொல்வானாம்: 'நான் மாட்டேன்.' வந்தவர்களெல்லாம் கை தட்டுவார்களாம். இது பல மாதம் ஜாம்ஜாமென்று நடந்திருக்கிறது. கடைசியில் அந்த நாட்டிலேயே வேலை பார்க்கும் சித்தப்பா ஒருவர் விடுமுறைக்கு வந்து, அதைக் கேட்டு, சோபாவிலிருந்து வழுக்கி விழும் அளவுக்குச் சிரித்திருக்கிறார்.

மறுநாள் அப்பா, மைக், நான், நாத்தனார் நான்கு பேரும் தலைமையாசிரியை அறையில்.

"ஆபீஸ் ஆளுங்க முன்னாடி, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி, எல்லார் முன்னாடியும் இதையேதான் மேடம் சொல்லியிருக்கான். நாங்களும் பல்லை இளிச்சுக்கிட்டுக் கேட்டுட்டு இருந்திருக்கோம்," என்றார் அப்பா. "இன்னொரு தடவை சொல்லுடா, மேடம் கேக்கட்டும்."

மைக் சந்தோஷமாகச் சொன்னான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"உச்சரிப்பு சுத்தமா இருக்கு சார்," என்றேன். "அந்த ஊர்லயே பொறந்த புள்ளை மாதிரி சொல்றான்."

"இது பாராட்டா?"

"ஆமா."

நாத்தனாருக்கு முகம் கடுகடுத்தது. ஆனாலும் பையனை இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். இனி யார் வாயிலிருந்து வந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக. அப்படித்தான் அந்த மொழியில் என் நாத்தனாருக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரிந்தது.

"இதை எடுத்துடுங்க," என்றார் என்னிடம். "மரியாதையா நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க."

"மரியாதை அடுத்த மாசம் வருது மேடம்," என்றேன்.

உண்மையில் என் கவலை மைக் இல்லை. மைக்கை எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வான். என் கவலை வேறு ஒரு பெண்குழந்தை. வகுப்பில் வாயே திறக்காததால் பிள்ளைகள் அவளுக்கு 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு என் வகுப்பு ஒரு பாடம். இவளுக்கு அப்படி இல்லை. இவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருஷப் பரீட்சை முடிந்ததும் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகிறார், மகளையும் கூட்டிக்கொண்டு. போய் இறங்கிய கையோடு இவள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டும். அங்கே பக்கத்தில் அம்மா இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன்.

அம்மா இரவு டியூட்டி முடிந்து, கண் சிவக்க, மகளைக் கொண்டுவந்து விடுவார். எந்தப் பேச்சையும் 'மன்னிச்சுக்கங்க' என்றுதான் ஆரம்பிப்பார்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர், இவ ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாளே. அங்க போய் என்ன பண்ணுவா?"

"அவளுக்கு எல்லாம் புரியுதும்மா. பேச்சு தானா வரும்."

"எப்ப டீச்சர் வரும்?"

"அது எனக்குத் தெரியாது," என்றேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது.

ஆனால் புரிகிறது என்று நான் சொன்னது சத்தியம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நடுவில் வேண்டுமென்றே பிசகு வைப்பது என் வழக்கம். குடைக்கு அடியில் செருப்பு தூங்கியது என்று நேற்றுவரை சொன்னதை, இன்றைக்குச் செருப்புக்கு அடியில் குடை தூங்கியது என்பேன். யார் முதலில் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பேன். முதலில் எழும்பும் உள்ளங்கை எப்போதும் பூட்டினுடையது. மைக் அப்போதுதான் கொட்டாவி விட்டு முடித்திருப்பான்.

இந்த நிலைமையில் நாத்தனார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த நாட்டிலிருந்து ஒரு அம்மையார் வருகிறார். மொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டு அங்கீகாரம் கொடுப்பவர். பெற்றோர்களும் வருவார்கள். மேடையில் பிள்ளைகள் வரவேற்புரை சொல்ல வேண்டும், ஆளுக்கு ஒரு வரி. உரையை யாரிடமோ எழுதி வாங்கி வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். 'மாண்புமிக்க தங்களின் மேலான வருகையால் இவ்வளாகம் பெருமிதம் எய்துகிறது' என்கிற ரகம். அந்த ஊரில் மந்திரிகூட இப்படிப் பேச மாட்டார்.

"இது இந்தப் புள்ளைங்களுக்குப் புரியாது மேடம்."

"புரியணும்னு யாரு கேட்டா? காதுக்கு நல்லா இருந்தாப் போதும்."

"அதுக்கு ஸ்பீக்கர்ல போட்டு விட்டுடலாமே. புள்ளைங்க எதுக்கு?"

"வர்றவங்க புள்ளைங்க பேசறதைக் கேக்கத்தான் வர்றாங்க."

"இது பேச்சு இல்ல மேடம். கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி சொல்லிக் குடுக்கறது. என் வகுப்பு இதைச் செய்யாது."

"உன் வகுப்பா?" என்றார் நாத்தனார்.

'நீ' வந்துவிட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீ செய்ய வேண்டாம். டான்ஸ் மாஸ்டர் பார்த்துப்பார். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அன்னிக்கு மேடையில வரி சொல்லாத புள்ளை இந்தப் பாடத்துல இருக்கத் தேவையில்லை. அந்த நர்ஸ் பொண்ணும்தான். வாய் திறக்காத புள்ளைக்கு மொழி வகுப்பு எதுக்கு? பக்கத்து ரூம்ல படம் வரையட்டும்."

"அவ அந்த ஊருக்கே போகப் போறா அக்கா," என்றேன். பள்ளிக்கூடத்தில் 'அக்கா' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"அப்ப வாயைத் திறக்கச் சொல்லு."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் "அக்கா சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி" என்று பூசி மெழுகினார். இரண்டும் சரியாக இருக்க முடியாது, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். குழாய் சொட்டுகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

ஒத்திகை ஆரம்பித்தது. டான்ஸ் மாஸ்டர் நல்ல மனிதர், காலுக்குத் தாளம் போடத் தெரியும், நாக்குக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டார். கையைத் தூக்கினால் ஒரு வரி, இறக்கினால் அடுத்த வரி. பிள்ளைகள் ஒரு வாரத்தில் ஒப்பித்துவிட்டார்கள். அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்த முகங்கள் அவை. பூட்டின் கையில் பூங்கொத்து கொடுத்திருந்தார்கள். அதைக் கொடுத்துவிட்டு ஒரு வரி சொல்ல வேண்டும், உரையிலேயே சிறிய வரி அதுதான். அவள் முறை வரும்போதெல்லாம் மாஸ்டரின் கை காற்றில் அப்படியே நிற்கும்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாம்மா?" என்பார்.

பூட்டு உள்ளங்கையைக் காட்டுவாள். மாஸ்டருக்கு அது என்ன என்று தெரியாது. அவரும் தன் உள்ளங்கையைக் காட்டிச் சிரிப்பார்.

ஒத்திகை முடிந்து படிக்கட்டுக்கு அடியில் வருகிறவர்களுக்கு நான் என் பாடத்தை நிறுத்தவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை. அந்த வாரம் போர்வை விளையாட்டு. போர்வையை மேலே போட்டு ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பேன். 'கையை விடுங்கள்' என்று சொன்னால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். சொல்லும்வரை விட மாட்டேன். மைக் ஏழு தெருவுக்குக் கேட்கக் கத்தினான். பூட்டு போர்வைக்கு அடியிலிருந்து உள்ளங்கையை நீட்டினாள். அவளுக்கு மட்டும் அதற்கே விட்டேன். விதியை வளைக்கிறேன் என்று மைக் சண்டைக்கு வந்தான். வளைக்கத்தான் செய்தேன்.

விழா நாளும் வந்தது. ஹால் நிரம்பிவிட்டது. என்னைக் கடைசி வரிசைக்கும் பின்னால், ஸ்விட்ச் பலகை பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். நர்ஸம்மா யூனிபார்மோடு வந்து எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார். மடியில் இருந்த கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். அந்த நாட்டு அம்மையார் உயரமானவர், குட்டை முடி, சிரித்த முகம். மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். எத்தனை பள்ளிக்கூடங்களில் இப்படித் தலையாட்டியிருப்பாரோ.

பூட்டின் முறை வந்தது. பூங்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள், கொடுத்தாள், நின்றாள். மாஸ்டரின் கை காற்றில் நின்றது. நாத்தனார் மேடை ஓரத்திலிருந்து கண்ணால் மிரட்டினார். பூட்டு தரையைப் பார்த்தாள். நர்ஸம்மாவின் விரல்கள் அந்த வாரை இன்னும் ஒரு சுற்று முறுக்கின.

போட்டோ எடுப்பவர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையை இன்னும் கிட்டே நிறுத்துங்கள் என்று கை காட்டினார். அந்த அம்மையாரும் கெட்ட எண்ணம் இல்லாமல்தான், 'வா, என் மடியில் உட்கார், படம் எடுக்கட்டும்' என்று அவர் மொழியில் சொல்லிக்கொண்டே பூட்டின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

'நான் மாட்டேன்,' என்றாள் பூட்டு, அந்த மொழியிலேயே. 'கையை விடுங்கள்.'

ஒலிபெருக்கி எதுவும் வாயருகே இல்லை, குரலும் பெரிய குரல் இல்லை. ஆனால் ஹாலில் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. அப்புறம் பெற்றோர்கள் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கை தட்டினார்கள். என்ன அழகாகச் சொல்கிறது பார் குழந்தை என்று என் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மைக்கின் அப்பா ஒருவர்தான் தட்டப் போன கையை இறக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். மேடை ஓரத்தில் நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது.

அம்மையார் கையை விட்டுவிட்டார். உடனே, அந்த நொடியே விட்டார். 'மன்னித்துக்கொள், கேட்காமல் பிடித்துவிட்டேன்,' என்றார்.

எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். ஏனென்றால் அடுத்து என்ன என்று அந்த ஹாலில் எனக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். மறுத்தவர் ஒரு கட்டளை இட வேண்டும். பூட்டு கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

'கீழே உட்காருங்கள்,' என்றாள் அந்த அம்மையாரிடம்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, பூங்கொத்தும் கையுமாக மேடைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மைக்கைப் பிடிக்க யாரால் முடியும்? 'எழுந்திருங்கள். ஒற்றைக் காலில் நில்லுங்கள்.' மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாண்புமிக்க வருகையும் மேலான பெருமிதமும் எந்த மூலைக்குப் போயினவோ. அம்மையார் ஒற்றைக் காலில் நின்றார், எண்ணச் சொன்னார், பிள்ளைகள் எண்ணினார்கள், ஒருவன் வேண்டுமென்றே எண்ணைத் தப்பாகச் சொல்ல அவர் பிடித்துவிட்டார். டான்ஸ் மாஸ்டர் கையைத் தூக்கினார், இறக்கினார், கடைசியில் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் அம்மையார் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். நாத்தனார் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன சொல்றாங்க?"

"வரவேற்புரையை அவங்க எல்லா ஸ்கூல்லயும் கேட்டுட்டாங்களாம். ஒரு குழந்தை அவங்ககிட்ட நிஜமாப் பேசினது இங்கதானாம். இந்த வகுப்பை நாளைக்கு வந்து பாக்கணுமாம்."

நாத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயே சேர்த்துச் சொல்றே."

"சத்தியமா அதைத்தான் சொல்றாங்க."

"உனக்கு வேணுங்கறதை அவங்க வாயில போடறே."

நான் என்ன செய்வது? உண்மை எனக்குச் சாதகமாக இருந்தது, அதனால் அது உண்மையாகத் தெரியவில்லை. அம்மையார் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நாத்தனாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்க்கும்போது மட்டும் சிரிப்பை எடுத்துவிட்டார்.

படிக்கட்டு அறைக்கு வந்தேன். பூட்டு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே நர்ஸம்மா வந்தார்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். அவ என்ன சொன்னா? எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினேன். என்னன்னு தெரியாமலேயே தட்டிட்டேன்."

சொன்னேன். மாட்டேன் என்றாள், கையை விடச் சொன்னாள், அவரும் விட்டார். நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்களுக்கும் கிளாஸ் நடத்தறாங்க டீச்சர், அங்க போற நர்ஸுங்களுக்கு. 'இதோ வர்றேன்', 'உடனே செய்யறேன்', 'என் தவறுதான்'. இதான் சொல்லிக் குடுத்தாங்க. இதை யாரும் சொல்லித் தரலை." பிறகு மெதுவாகக் கேட்டார்: "எனக்கு அதைச் சொல்லித் தர்றீங்களா?"

"என்னைவிட நல்ல டீச்சர் உங்க பக்கத்துல நிக்கறா," என்றேன்.

பூட்டு போர்வையை வைத்துவிட்டு வந்தாள். வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவளுக்குச் செய்ததை அப்படியே செய்தாள். 'நான் மாட்டேன்' என்று ஒரு தடவை தானே சொல்லிக் காட்டினாள். அர்த்தம் சொல்லவில்லை. கையை இழுத்தாள்.

'மன்னிக்கவும், நான் மாட்டேன்,' என்றார் அம்மா.

"மன்னிக்கவும் வேண்டாம்மா," என்றாள் பூட்டு.

'மன்னிக்கவும்...'

"அம்மா."

மூன்றாவது தடவையும் 'மன்னிக்கவும்' பாதிவரை வந்து நின்றது. நர்ஸம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது வாசல் இருட்டியது. நாத்தனார் நிலையை அடைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லவேளை, ரெண்டு பேரும் இங்கயே இருக்கீங்க," என்றார். என்னிடம் சொல்லாமல் நேரே நர்ஸம்மாவிடம் சொன்னார். "உங்க பொண்ணு இன்னிக்கு அவளுக்குக் குடுத்த வரியைச் சொல்லலை. அதனால திங்கட்கிழமையிலேருந்து இந்த வகுப்பு வேண்டாம், பக்கத்து ரூமுக்கு மாத்தறோம். குழந்தைக்கும் சுமை குறையும். சரிங்களா?"

"மேடம், அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நான் உன்கிட்ட பேசலை."

"இந்தப் பொண்ணு வகுப்பை விட்டுப் போனா நான் அந்த ரூமுக்கு வந்து பாடம் நடத்துவேன். அங்கேருந்து துரத்தினா மாடிப்படியில உக்காந்து நடத்துவேன். அக்கான்னும் பாக்க மாட்டேன், மேடம்னும் பாக்க மாட்டேன்."

நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதும் 'சரிங்க மேடம்' என்று சொல்லும் நர்ஸம்மாவிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். "சரிங்களா?" என்று மறுபடியும் கேட்டார்.

நர்ஸம்மா எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாய் வழக்கம்போல 'ம' என்று குவிந்ததை நான் பார்த்தேன், மன்னிப்புதான் வரப்போகிறது என்று நினைத்தேன். பூட்டு அவர் கையைப் பிடித்திருந்தாள்.

'நான் மாட்டேன்,' என்றார்.

முன்னால் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை. உச்சரிப்பு கொஞ்சம் பிசகுதான். நாத்தனாருக்குப் புரிய அது போதும். அவர் கண் ஒரு தரம் கொட்டியது.

"அம்மா," என்றாள் பூட்டு, "மாட்டேன்னு சொன்னவங்க ஒண்ணு செய்யச் சொல்லணும். அதான் ரூல்."

"எனக்கு வேற எதுவும் தெரியாதேம்மா."

பூட்டு எட்டி அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். நர்ஸம்மா அதை ஒரு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நாத்தனாரைப் பார்த்து, கையை மெல்ல ஒரு பக்கமாக வீசிக் காட்டிச் சொன்னார்.

'வழி விடுங்கள்.'

நாத்தனார் அந்தக் கையைப் பார்த்தார். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே ஓர் எட்டு வைத்து, நிலையோடு ஒட்டி நின்றார். தாயும் மகளும் அவரைக் கடந்து படிக்கட்டைச் சுற்றி வெளியே போனார்கள். திங்கட்கிழமை எந்த அறை என்று அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

நான் வாளியையும் குடையையும் அவற்றின் மூலையில் வைத்தேன். நாத்தனார் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். நர்ஸம்மா கடைசியாகச் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை.